எழுத்துக் கூட்டினால் சொல் வராத பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் வகுப்பாசிரியர்களும், குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயின்ற சிறப்புப் பயிற்றுநர்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்று பேச்சு வந்ததுமே பலரும் சான்றிதழைத் தேடித்தான் ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வேண்டியிருப்பது பரீட்சைச் சலுகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும். வாசிக்கக் கற்றுக்கொடுக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். அதை நாளைக்கே தொடங்கலாம்.

என் பையன் நாலாம் வகுப்பு. போர்டைப் பார்த்து அழகாக எழுதுகிறான். அதையே வாசிக்கச் சொன்னால் முழிக்கிறான். சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் இல்லை. போர்டைப் பார்த்து எழுதுவது ஒரு வகையில் படம் வரைவதுதான். எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் கை வரைந்துவிடுகிறது. வாசிப்பது வேறு வேலை. வடிவத்தை ஒலியாக மாற்றி, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கி, அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்த சொல்லா என்று நொடியில் பார்த்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் சில பிள்ளைகளுக்குத் தடை வருகிறது. அறிவில் குறை இல்லை, கண்ணும் காதும் சரி, பள்ளிக்கும் ஒழுங்காக வருகிறான், சொல்லிக்கொடுத்தும் இருக்கிறார்கள், ஆனாலும் வாசிப்பு வரவில்லை என்றால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். எழுத்தில் வரும் இதே போன்ற தடை டிஸ்கிராபியா, கணக்கில் வருவது டிஸ்கால்குலியா.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. அப்போதுதான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சட்டப்படி அந்தப் பட்டியலில் ஏறியது. 2017 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் படித்து, "படிப்பு ஏறவில்லை" என்று எட்டாவதோடு நின்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. "எனக்கும் இப்படித்தான் சார் இருந்தது" என்று அப்பாக்கள் மெதுவாகச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

தமிழில் இது எப்படித் தெரியும்? இணையத்தில் பார்த்தால் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தை இடவலமாக மாற்றி எழுதுவதைத்தான் காட்டுகிறார்கள்.

நல்ல கேள்வி. தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில அடையாளங்களை வைத்துத் தேடினால் பாதிப் பேரைத் தவறவிடுவோம்.

தமிழில் 247 எழுத்து. அதில் 216 உயிர்மெய். ஓர் எழுத்துக்குள்ளேயே இரண்டு ஒலி இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது. ஆனால் வாயில் முதலில் வருவது க் ஒலி, அப்புறம்தான் ஒ. கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் ஒன்றல்ல. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை 'கொடி'யைக் 'கெடி' என்றும் 'கோடி' என்றும் எழுதும். கொம்பு ஒற்றையா இரட்டையா என்பது நிலைக்காது. 'தலை' என்று சொன்னால் 'தல' என்று எழுதிவிட்டு, ஏதோ விட்டுப்போன உணர்வோடு நம் முகத்தைப் பார்க்கும்.

உகரக் குறியும் அப்படித்தான். கு, சு, து மூன்றுக்கும் ஒரே உ ஒலி, ஆனால் குறி மூன்று விதம். மற்ற பிள்ளைகள் இதைப் பழக்கத்தில் கடந்துவிடுவார்கள். இவர்களுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தால்தான் நிற்கும்.

இன்னும் சில அடையாளங்கள்: முதல் வரியில் திக்கித் திக்கி வாசித்த அதே சொல்லை மூன்றாம் வரியில் புதிதாகப் பார்ப்பதுபோல மறுபடி கூட்டுவது, முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது ('பறவை' இருக்கும், 'பட்டம்' என்பான்), சொல்வதை எழுதும்போது மெய்யெழுத்துகள் காணாமல் போவது, வாய்ப்பாடு நேற்று முழுதாகச் சொன்னது இன்று சுத்தமாக மறந்திருப்பது, 42-ஐ 24 என்று எழுதுவது. இதே பிள்ளையிடம் பாடத்தை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்லும். அந்த இடைவெளிதான் முக்கியமான தடயம்.

ல, ள, ழ மயக்கத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பேச்சிலேயே அந்த வேறுபாடு இல்லாத வட்டாரங்களில் எழுத்திலும் அது தடுமாறும். 'போகிறான்' என்று அச்சில் இருப்பதைப் 'போறான்' என்று வாசிப்பதும் குறைபாடு இல்லை. சொல் புரிந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

மெல்லக் கற்கும் மாணவர் என்று பள்ளியில் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆனால் நம் பள்ளிகளில் ஒரே பட்டியலில்தான் கிடக்கின்றன. அந்தப் பட்டியலில் குறைந்தது நான்கு வகைப் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாப் பாடத்திலும் சற்று மெதுவாகக் கற்பவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், அப்புறம் சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படாதவர்கள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் இருந்தவர்களில் பலர் இந்தக் கடைசி வகை. வேலைக்காகக் குடும்பத்தோடு ஊர் மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளும் இதில் சேர்வார்கள்.

பிரித்தறிய ஒரு நேர்மையான வழி இருக்கிறது. மூன்று நான்கு மாதம் தினமும் முறையாக எழுத்தும் ஒலியும் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். கற்பிக்கப்படாத பிள்ளை விறுவிறுவென்று மேலே வந்துவிடும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை நகரும், ஆனால் கஷ்டப்பட்டு நகரும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்திருக்கிறார்களே, ஒரு பிள்ளை பருவம் பருவமாக முதல் நிலையான அரும்பிலேயே நிற்கிறது என்றால் ஆசிரியர் கையில் இருக்கும் அந்தப் பதிவே முதல் எச்சரிக்கை. ஏன் நிற்கிறது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

கண், காது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே காட்டலாம். அரசு மருத்துவமனையில் காதுக்கு ஒலியறை வைத்துச் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் கை தட்டிப் பார்ப்பது போதாது.

பள்ளியில் யாரிடம் சொல்ல வேண்டும்?

வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், கூடவே தலைமையாசிரியருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதியும் கொடுங்கள். "என் மகள் இன்ன வகுப்பு, வாசிப்பதில் இன்ன சிரமம், சிறப்புப் பயிற்றுநரைக் கொண்டு பார்க்க வேண்டும்" என்று நான்கு வரி போதும். தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது ஆசிரியர் மாறுதலில் போனதும் போய்விடும்.

அங்கிருந்து தகவல் வட்டார வள மையத்துக்குப் போகும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஆசிரியர்கள் முதற்கட்டமாகக் கண்டறிய நலம் நாடி என்ற செயலி உள்ளது. அதில் பதிந்தார்களா, கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். எமிஸில் ஏறாத பிள்ளை கணக்கிலேயே வராது.

இது பள்ளி இரக்கப்பட்டுச் செய்யும் உதவி அல்ல. கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டியது பள்ளியின் கடமை என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வரியைச் சுவரில் எழுதி ஒட்டலாமா என்று தோன்றும்.

சான்றிதழ் எங்கே, எத்தனை வயதில் வாங்கலாம்?

8 வயது முடிந்த பிறகுதான் தருவார்கள். அதற்கு முன் எழுத்துப் பழகும் வயது என்பதால் தவறான முடிவுக்கு இடம் உண்டு. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். 18 வயதில் தருவது ஆயுள் முழுக்கச் செல்லும்.

யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மருத்துவக் குழு முன் வர வேண்டும். முதலில் நுண்ணறிவுச் சோதனை. அப்புறம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. கவனம், நினைவாற்றல், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று பகுதி பகுதியாகப் பார்ப்பார்கள். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். பிள்ளையின் பழைய நோட்டுகளை, குறிப்பாகச் சொல்வதை எழுதிய பக்கங்களை எடுத்துப்போங்கள். ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பும் வாங்கிப்போங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சோதனை எந்த மொழியில் நடக்கிறது? தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலப் பத்தியை வாசிக்கவைத்தால் குறைபாடு இல்லாத பிள்ளையும் தோற்கும். தாய்மொழியில், பயிற்று மொழியில் பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே? பெண் பிள்ளை வேறு.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல குடும்பங்கள் இதனாலேயே பத்தாம் வகுப்பு வரை இழுத்து, பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடி வருகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. 'மக்கு' என்று வகுப்பில் கூப்பிடுகிறார்கள், கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்கள், வீட்டில் தங்கையோடு ஒப்பிட்டுத் திட்டுகிறோம். அந்தப் பெயரில் சலுகையும் இல்லை, உண்மையும் இல்லை. சான்றிதழில் இருப்பது உண்மை, அதோடு பரீட்சையில் ஒரு கூடுதல் மணி நேரமும் கிடைக்கிறது. அதை யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் கையில். பள்ளி அதை வகுப்பில் அறிவிக்கத் தேவையே இல்லை.

பிள்ளையிடம் மட்டும் மறைக்காதீர்கள். "உன் மூளை நன்றாக இருக்கிறது, எழுத்து மட்டும் உனக்குப் பிடிபட நேரம் எடுக்கிறது, அதற்கு வேறு வழியில் சொல்லித்தருவோம்" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

என் வகுப்பில் 38 பேர். ஒரு பிள்ளைக்கு மட்டும் நான் என்ன செய்ய முடியும்?

ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. தனியாக ஒரு மணி நேரம் யாரும் கேட்கவில்லை. வகுப்பின் போக்கிலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

எல்லார் முன்னிலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்கவைக்க வேண்டுமென்றால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வீட்டில் பழகி வரட்டும். தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை இம்போசிஷன் கொடுப்பதை நிறுத்துங்கள். தப்பான வடிவமே பத்து முறை கையில் பதியும். மற்றவர்களுக்குப் பத்துச் சொல் என்றால் இவனுக்கு நாலு சொல், ஆனால் அந்த நாலும் ஒரே குறியைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். அறிவியலில் விடை சரியாக இருந்தால் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். வளரறி மதிப்பீட்டை வாய்மொழியாக நடத்தத் தடை ஏதும் இல்லை. கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுத்தால் ஒன்று, பத்து, நூறு இடம் மாறாது. பாடநூலில் உள்ள க்யூஆர் கோடுகளை வீட்டு போனில் திறந்து பாடத்தைக் கேட்கப் பழக்கலாம். வாசிப்பு வரும்வரை அறிவு காத்திருக்கக் கூடாது.

வாசிப்புக்கு 15 நிமிடப் பயிற்சி ஒன்று. ஒரு நாளைக்கு ஒரே குறி. திங்கட்கிழமை துணைக்கால் என்று வையுங்கள். கா, பா, மா மூன்றையும் மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் அட்டைகள்: 'க' அட்டையை வைத்து 'க' என்று சொல்ல, பக்கத்தில் துணைக்கால் அட்டையை ஒட்டியதும் 'கா' என்று நீட்ட, எடுத்ததும் மறுபடி 'க'. பத்துப் பன்னிரண்டு முறை ஒட்டி எடுக்கும்போது, ஒலி மாறுவதற்குக் காரணம் அந்தக் குறிதான் என்பது கையிலேயே பிடிபடுகிறது. பிறகு காகம், பாடம், மாடம் மாதிரி நாலைந்து சொல். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம். முடிந்தது. மறுநாள் முதல் மூன்று நிமிடம் நேற்றையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தது. 'கொ', 'கோ' எல்லாம் கடைசியில் வரட்டும். அரிச்சுவடி வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இதைக் கற்றல் குறைபாடு இல்லாத நாலு பிள்ளைகளையும் சேர்த்துக் குழுவாகச் செய்தால் இந்தப் பிள்ளை தனித்துத் தெரியாது, அவர்களுக்கும் நல்லது.

சிறப்புப் பயிற்றுநர் எப்போதாவதுதான் வருகிறார். ஏன்?

ஒருவருக்குப் பல பள்ளிகள். அதுதான் நேரான பதில். வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளையும் அவர்களே போய்ப் பார்க்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். அந்தச் சம்பளம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியிலிருந்து வருகிறது. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம்ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25க்கு வரவேண்டிய ₹2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தது செய்தியாக வந்ததே, அந்தச் சண்டையின் அடி இந்தப் பிள்ளைகள் மீதும் விழுந்தது.

இன்னொன்று வெளியே அதிகம் தெரியாது. சிறப்புக் கல்விப் பட்டயமும் பி.எட்.டும் குறைபாடு வாரியாகத் தனித்தனிப் படிப்புகள். செவித்திறனுக்கோ அறிவுசார் குறைபாட்டுக்கோ பயின்ற ஒருவரிடம் டிஸ்லெக்சியா பிள்ளையும் வந்து சேரும். பலர் தாங்களாகவே கற்றுக்கொண்டு செய்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றன.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எத்தனை சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் நிர்ணயிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு வந்த அறிவிக்கையின்படி தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் இந்த எண் ஏட்டில்தான் இருக்கும். பெற்றோர் இதைக் கிராமசபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் தீர்மானமாகவே கேட்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என்ன சலுகை?

முக்கியமானவை மூன்று: ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஒப்புதல் வராமல் தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் மருத்துவச் சான்று கையில் இருந்தால் பதற்றம் இல்லை. பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

சொல்வதை எழுதுபவரோடு தேர்வெழுதுவது தனியாகப் பழக வேண்டிய வேலை. "கேள்வி எண் 22, முதல் பாயிண்ட்" என்று தொடங்கி, வாக்கியத்தை மனதில் முடித்துவிட்டுச் சொல்ல, எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்கத் தெரிய வேண்டும். காலாண்டிலும் அரையாண்டிலும் பழக்காமல் பொதுத்தேர்வு அறையில் முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை வாயே திறக்காது.

மொழி விலக்கு வாங்கலாமா?

முடிந்தவரை வாங்காமல் பாருங்கள் என்பேன். சட்டம் தரும் உரிமை அது, தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் 35 எடுக்கவே முடியாது, அதனால் பள்ளியே வேண்டாம் என்று நிற்கும் பிள்ளைக்கு அது உயிர். ஆனால் விலக்கு கிடைத்ததும் பலர் அந்த மொழியைச் சொல்லிக்கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பரீட்சையில்தான் விலக்கு, வகுப்பில் இல்லை. மேலே எந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறான், அங்கே அந்த மொழி கேட்பார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேறு பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். சொல்லலாமா?

கூடாது. குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கவோ வெளியேற்றவோ பள்ளிக்கு அதிகாரம் இல்லை.

மருந்து, டானிக், ஆண்டுத்தொகை கட்டும் மூளைப் பயிற்சி வகுப்புகள்?

டிஸ்லெக்சியாவுக்கு மருந்து இல்லை. கூடவே கவனக்குறைவு இருந்தால் அதற்கு மருத்துவர் தனியாகச் சிகிச்சை சொல்வார். மற்றவற்றுக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். பயன் தருவது எழுத்தையும் ஒலியையும் முறையாக, பொறுமையாக, தினமும் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான். சாதாரண டியூஷனில் பள்ளியில் நடந்ததையே வேகமாகத் திருப்பினால் பிள்ளை களைத்துத்தான் போகும்.

எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் நான் என்ன செய்வது?

நிறையச் செய்யலாம். விடுகதை, சொல்லடுக்கு, கடைசி எழுத்தில் தொடங்கும் சொல் சொல்லும் விளையாட்டு எல்லாமே காதுக்குப் பயிற்சி. ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறன் இவர்களுக்கு வலுப்பட வேண்டிய ஒன்று. 'பட்டம்' என்று சொல்லி அதில் எத்தனை துண்டு என்று விரல் மடக்கச் சொல்லுங்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று வாயால் சொல்லவையுங்கள். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். படிப்பைத் தவிர வேறு எதில் கெட்டிக்காரனாக இருக்கிறானோ, பந்தோ படமோ மாட்டைப் பார்த்துக்கொள்வதோ, அதைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள்.

பத்தாவதுக்குப் பிறகு?

அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகியவற்றோடு கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்து. இவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று வேண்டும். பரீட்சையில் எழுத ஆள் வைத்துக்கொள்ள அந்த 40 கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமைப் பணித் தேர்வெழுத வந்த, கையால் எழுதுவதில் தடை உள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது. நுழைவுத்தேர்வு மையத்தில் 40 என்று சொல்லித் திருப்பினால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்; அதைத் தொடர்ந்து 2022இல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது.

எழுதிக் கொடுத்தும் பள்ளி ஒன்றும் செய்யவில்லை. அடுத்து யாரிடம் போவது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான், அங்கே முதலில் வையுங்கள். பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். கல்வித் துறையின் உதவி எண் 14417. மருத்துவக் குழு தொடர்பான இழுத்தடிப்பு என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போங்கள், அவர் அலுவலகம் பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார்; சட்டத்தை மீறிய பள்ளியை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. எங்கே போனாலும் தலைமையாசிரியரிடம் முதலில் கொடுத்த அந்த நான்கு வரி மனுவின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள்.